பின்னோக்கி எண்ணி விதை போடுவோம்

ஆடிப்பட்டத்துக் கொடிக்காய்களுக்கு முன்கூட்டியே நாற்று வளர்ப்பது பற்றிய பாடம்



வைகாசி பிறந்துவிட்டால் எந்த ஊர்க் குழுக் கூட்டத்துக்குப் போனாலும் எங்களிடம் ஒரு கேள்வி தவறாமல் வரும். "மேடம், இந்த வருஷம் பீர்க்கு போடலாமா, பாகல் போடலாமா?" அதற்கு நாங்கள் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "எந்தத் தேதியில காய் பறிக்கணும்னு நினைக்கிறீங்க?" கேட்டவுடன் பல பேர் சிரித்துவிடுவார்கள். "விதையே போடல, அதுக்குள்ள காய்க்குத் தேதியா?" என்பார்கள்.

ஆமாம் சகோதரிகளே, அதற்குத்தான் முதலில் தேதி வேண்டும். காய் பறிக்கும் தேதி தெரிந்தால் நடவுத் தேதி தெரியும். நடவுத் தேதி தெரிந்தால் விதை ஊன்றும் தேதி தெரியும். அதிலிருந்து விதை வாங்கும் தேதியும், குழுவில் கடன் கேட்கும் தேதியும் தெரிந்துவிடும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று பெரியவர்கள் சொன்னதில் "தேடி" என்ற சொல்லைக் கவனியுங்கள். பட்டம் வந்த பிறகு ஓடுவது வேறு, பட்டத்தைத் தேடிப் போய்க் காத்திருப்பது வேறு.

சுரை, பீர்க்கு, புடலை, பாகல், பூசணி ஆகிய கொடிக்காய்களின் விதையை நடவுக்கு இரண்டு வாரம் முன்பே சிறு குவளையில் முளைக்க வைத்து நாற்றாக வளர்ப்பது எப்படி, அதனால் நமக்கு என்ன மிச்சமாகிறது என்பதை இந்த இதழில் பார்ப்போம். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கத்து சகோதரிகளுக்காக சுகினி பற்றியும் தனியாக எழுதியிருக்கிறோம்.

எதற்காக முன்கூட்டியே?

நம் பக்கத்தில் கொடிக்காய்களைக் குழியில் நேராக ஊன்றுவதுதான் வழக்கம். குழிக்கு நான்கைந்து விதை போடுவோம், முளைத்த பிறகு இரண்டு செடியை விட்டு மற்றதைப் பிடுங்கிவிடுவோம். சொந்த விதை வைத்திருந்த காலத்தில் இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. இன்று பாதிப் பேர் பாக்கெட் விதைதான் வாங்குகிறோம். வீரிய ஒட்டு விதை என்றால் எண்ணித்தான் தருகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய விதையை முளைக்க வைத்துப் பிடுங்கி எறிவது சரியா என்று யோசிக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். 25 சென்ட் நிலத்தில் பீர்க்கு போடுகிறோம். வரிசைக்கு வரிசை இரண்டரை மீட்டர், குழிக்குக் குழி இரண்டு மீட்டர் விட்டால் சுமார் 200 குழி வரும். குழிக்கு 5 விதை என்றால் 1,000 விதை. அதையே குவளையில் நாற்றாக வளர்த்தால் குழிக்கு 2 வீதம் 400 நாற்று போதும். பட்டுப்போனால் மாற்றி வைக்க 40 சேர்த்து 440. நூறு விதையில் 80 முளைக்கும் விதையாக இருந்தால், 550 விதை ஊன்றினால் 440 நாற்று கிடைக்கும். ஒரு விதை 2 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,000 ரூபாய் ஆக வேண்டிய இடத்தில் 1,100 ரூபாய். மிச்சம் 900 ரூபாய்.

அடுத்தது தண்ணீர். ஆனி மாதக் கடைசியில் கிணறு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். 200 குழிக்கும் குழிக்கு 2 லிட்டர் ஊற்றினால் ஒரு தடவைக்கு 400 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் அளந்தால் 27 குடம். குவளையில் இருக்கும் 550 விதைக்கும் பூவாளியில் தெளித்தால் ஒரு தடவைக்கு 2 குடம் தண்ணீர் போதும். முதல் இரண்டு வாரம் 27 குடம் தூக்குவதா, 2 குடம் தூக்குவதா? தூக்குவது நாம்தான் என்பதால் இந்தக் கணக்கையும் நாம்தான் போட வேண்டும்.

மூன்றாவது, பாதுகாப்பு. கொடிக்காய்ச் செடி முளைத்து முதல் பத்து நாள் மிகவும் மென்மையானது. சிவப்புப் பூசணி வண்டு வித்திலையைச் சல்லடையாக்கிவிடும். எலியும் அணிலும் பூசணி விதையைக் குழியிலிருந்து தோண்டித் தின்னும். நாற்று வீட்டு முற்றத்தில், நம் கண் முன்னால் இருந்தால் ஒரு வலையைப் போட்டுக் காப்பாற்றிவிடலாம். 25 சென்ட் நிலத்தில் அது முடியாது.

நான்காவது, சந்தை. குத்தகை நிலத்தில் முந்தைய பயிர் இன்னும் இருக்கலாம், உழவு முடியாமல் இருக்கலாம். அதற்காகக் காத்திருக்கும் இரண்டு வாரத்தில் செடி குவளையில் வளர்ந்துகொண்டிருக்கும். நடும்போதே இரண்டு வார வயசு ஆகிவிடும். நட்ட அதிர்ச்சியில் ஓரிரு நாள் நின்றாலும், நேராக ஊன்றியதைவிட ஏறக்குறைய பத்து நாள் முன்னதாகக் காய் வரும். இந்தப் பத்து நாளின் மதிப்பை அடுத்துப் பார்ப்போம்.

சந்தையிலிருந்து பின்னோக்கி எண்ணுவோம்

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. ஆவணி பிறந்ததும் கல்யாணங்கள் தொடங்கும், காய்க்குக் கிராக்கி வரும். புரட்டாசியில் பலர் கவிச்சி சாப்பிடமாட்டார்கள், காய்கறிதான் வாங்குவார்கள். ஆகவே ஆவணி நடுவில் முதல் காய் பறித்து, புரட்டாசியில் நல்ல காய்ப்பில் இருக்கும் கொடிதான் நமக்குப் பணம் தரும். ஆடி 18 அன்று எல்லோரும் விதை ஊன்றினால் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் காய் வரும். அந்த வாரம் சந்தையில் விலை என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பீர்க்கு, பாகல் ஆகியவை விதை ஊன்றியதிலிருந்து முதல் பறிப்புக்கு சுமார் 55 முதல் 60 நாள் எடுக்கும். ஆவணி நடு என்பது ஆகஸ்ட் கடைசி. அங்கிருந்து 58 நாள் பின்னால் எண்ணினால் ஜூலை முதல் வாரம் வருகிறது. அதுதான் குவளையில் விதை ஊன்றும் நாள். அன்றைக்கு நிலம் தயாராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

வெண்பூசணி போடும் சகோதரிகள் இதை இன்னும் கவனமாக எண்ண வேண்டும். வெண்பூசணிக்குப் பெரிய சந்தை ஆயுத பூஜை. காய் முற்றுவதற்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். ஆடிப் பெருக்கில் விதை போட்டால் பூஜை முடிந்த பிறகுதான் காய் முற்றும், திருஷ்டிக்கு யாரும் வாங்கமாட்டார்கள். ஆயுத பூஜை ஒவ்வொரு வருஷமும் தேதி மாறும். காலண்டரைப் பார்த்து, பூஜைத் தேதியிலிருந்து நூறு நாளுக்கு மேல் பின்னால் எண்ணி, விதை நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆடி 1-ல் பீர்க்கு நடவு என்று வைத்துக்கொண்டு ஒரு கால அட்டவணை தருகிறோம். இதைத் தாளில் எழுதிக் குழுக் கூட்டம் நடக்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள்.

வைகாசி 10 முதல் 15 வரை (மே கடைசி வாரம்): குழுக் கூட்டத்தில் யார் யாருக்கு எவ்வளவு கடன் என்று தீர்மானம்.
வைகாசி கடைசி வாரம் (ஜூன் 10 வாக்கில்): விதை வாங்குவது, பில் வாங்குவது.
ஆனி 1 முதல் 3 வரை (ஜூன் 15 முதல் 17 வரை): முளைப்புச் சோதனை ஆரம்பம்.
ஆனி 18 (ஜூலை 2) இரவு: விதை ஊறவைப்பது.
ஆனி 19 (ஜூலை 3): குவளையில் ஊன்றுவது.
ஆனி 20-க்கு மேல்: நிலத்தில் குழி எடுத்து வெயிலில் ஆறவிட்டு, குழிக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரம் போட்டு மூடுவது.
ஆனி 29 முதல்: நாற்றை வெயிலுக்குப் பழக்குவது.
ஆடி 1 (ஜூலை 17): சாயங்காலம் நடவு.

இந்த அட்டவணையின் முதல் வரி விதையைப் பற்றியது அல்ல, கடனைப் பற்றியது. நாங்கள் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான். பட்டம் வந்த பிறகு கடன் கேட்டால் குழுவில் அந்த மாதக் கூட்டம் முடிந்துபோயிருக்கும், பணம் வேறொருவருக்குப் போயிருக்கும். பிறகு வட்டிக்காரர் வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும். 5,000 ரூபாய்க்கு நூற்றுக்கு 5 ரூபாய் வட்டி என்றால் மூன்று மாதத்தில் 750 ரூபாய். குழு உள்கடனில் நூற்றுக்கு 1 ரூபாய் என்றால் 150 ரூபாய், அதுவும் நம் குழுவுக்கே லாபமாக வந்து சேரும். இந்த 600 ரூபாயும் இரண்டு மாதம் முன்னால் யோசித்தால் கிடைப்பதுதான்.

விதை வாங்கும்போது

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பயிர், ரகம், குவியல் எண், முளைப்புத் திறன், சோதித்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் இருக்க வேண்டும். 1966-ல் விதைச் சட்டம் வந்ததே இந்த விவரம் வாங்குபவர் கைக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான். சான்று விதை என்றால் நீல நிற அட்டை இருக்கும்.

இதில் ஒரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. கொடிக்காய்களின் சான்று விதைக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 60 சதவீதம்தான். அதாவது நூறு விதையில் நாற்பது முளைக்காவிட்டாலும் அது தரத்துக்கு உட்பட்ட விதையே. ஆகவே பாக்கெட்டில் எழுதியிருப்பதை மட்டும் நம்பி எண்ணிக்கை போட்டால் நாற்று பற்றாமல் போகலாம். நாமே சோதித்துவிடுவது நல்லது.

பில் கட்டாயம் வாங்குங்கள். "பில்லு இல்லாம வாங்கினா கொஞ்சம் குறைச்சுத் தர்றேன்" என்பார்கள். விதை முளைக்காமல் போனால் அந்தக் குறைத்த காசு எதற்கும் உதவாது. பில்லும் காலிப் பாக்கெட்டும் கையில் இருந்தால்தான் கடைக்காரரிடமும், விதை ஆய்வாளரிடமும், தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையத்திலும் பேச முடியும். அறுவடை முடியும் வரை இரண்டையும் எழுத்தர் வசம் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தோடு வைக்கச் சொல்லுங்கள்.

முளைப்புச் சோதனை

இதற்குக் கருவி ஒன்றும் வேண்டாம். சுத்தமான பழைய வேட்டித் துணி போதும்.

1. பாக்கெட்டின் மேலிருந்து மட்டும் எடுக்காமல் கலந்துவிட்டு 50 விதை எடுங்கள். விலை அதிகமான விதை என்றால் 20 போதும்.

2. துணியை நனைத்துப் பிழியுங்கள். சொட்டக்கூடாது, ஈரம் மட்டும் இருக்க வேண்டும். விதைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, துணியைப் பாய்போலச் சுருட்டி, நிழலில் வையுங்கள். காய்ந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

3. பூசணி, வெள்ளரி 8 நாளுக்குள் தெரிந்துவிடும். பாகல், சுரை, பீர்க்கு தோல் கெட்டியானவை, 14 நாள் வரை பொறுக்க வேண்டும். அதனால்தான் அட்டவணையில் இரண்டு வாரம் விட்டிருக்கிறோம்.

4. நல்ல வேர் விட்டு முளைத்ததை மட்டும் எண்ணுங்கள். 50-ல் 40 முளைத்தால் 80 சதவீதம். 50-ல் 25 தான் முளைத்தது என்றால் உடனே பில்லோடு கடைக்குப் போங்கள். மாற்று விதை வாங்க இன்னும் நாள் இருக்கிறது. இதுவே ஆடியில் குழியில் போட்ட பிறகு தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

முளைத்த விதையை எறிய வேண்டாம். வீட்டுத் தோட்டத்தில் ஊன்றிவிடுங்கள், அவை முதல் காய் தரும். அரசு விதைப் பரிசோதனை நிலையத்திலும் கட்டணம் கட்டி விதை மாதிரியைச் சோதித்துக்கொள்ளலாம். கூட்டமைப்பு மூலமாக மொத்தமாக வாங்கும் விதைக்கு இது மிகவும் பொருத்தம்.

குவளையும் மண்ணும்

"தக்காளி, கத்திரி மாதிரி பாத்தியில நாத்து விட்டு, பிடுங்கி நட்டா ஆகாதா?" என்று கேட்பார்கள். கொடிக்காய்க்கு ஆகாது. கத்திரி, தக்காளி நாற்றைப் பிடுங்கினால் வேர் அறுந்தாலும் மறுபடி விட்டுத் தேறிவிடும். சுரைக்கும் பூசணிக்கும் வேர் அறுந்தால் செடி சீக்கிரம் தேறாது, பல செடி வாடிப் போகும். அதனால் ஒவ்வொரு விதைக்கும் தனிக் குவளை வேண்டும், மண் கட்டியோடு அப்படியே குழிக்குப் போக வேண்டும்.

குவளைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். இலைத் தொன்னை, வாழை மட்டைத் துண்டு, அடியில் ஓட்டை போட்ட கொட்டாங்குச்சி, கழுவிய அரை லிட்டர் பால் கவர் எல்லாம் ஆகும். பழைய செய்தித்தாளை டம்ளரில் இரண்டு சுற்றுச் சுற்றி, அடியை மடித்து உருவினால் அருமையான குவளை கிடைக்கும். தொன்னையும் செய்தித்தாளும் மண்ணில் மக்கிவிடும், அப்படியே நடலாம். பால் கவரும் கொட்டாங்குச்சியும் மக்காது, மண் கட்டி உடையாமல் எடுத்துவிட்டு நட வேண்டும். எதுவானாலும் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை கட்டாயம்.

ஒரு குழுவாகச் சேர்ந்து பெரிய அளவில் செய்பவர்கள் குழித்தட்டு வாங்கலாம். கழுவிப் பல பருவம் பயன்படுத்தலாம். 98 குழித் தட்டு பாகல், பீர்க்குக்குப் போதும். பூசணி, சுரைக்கு வேர் வேகமாக ஓடும், 50 குழித் தட்டு நல்லது.

மண்ணுக்கு செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. பச்சைச் சாணம் வேண்டாம், சூட்டில் முளை கருகும். மக்காத தென்னை நார்க்கழிவும் வேண்டாம். கலவையை இரண்டு நாள் வெயிலில் காயவைத்துப் பிறகு நிரப்புங்கள். நாற்றழுகல் வராமல் இருக்க ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதை நேர்த்தி செய்வது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. நமக்குக் கொஞ்ச விதைதான் என்பதால் ஒரு சிட்டிகை போதும்.

ஊறவைப்பதும் ஊன்றுவதும்

பாகல், சுரை, பீர்க்கு, புடலை விதையை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் வடித்து, டிரைக்கோடெர்மா கலந்து, ஒரு குவளைக்கு ஒரு விதை ஊன்றுங்கள். விரல் கணுவில் பாதி ஆழம் போதும். ஆழமாகப் போனால் அழுகும்.

ஒரு எச்சரிக்கை. இளஞ்சிவப்பு, பச்சை என்று சாயம் ஏறிய விதை வந்தால் அது மருந்து பூசிய விதை. அதை ஊறவைக்க வேண்டாம், மருந்து கரைந்துவிடும். வெறுங்கையால் தொட வேண்டாம், பாலிதீன் உறையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். சமையல் பாத்திரத்தில் போடாதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மிஞ்சினால் கோழிக்கும் போடக்கூடாது.

ஊன்றிய குவளைகளை ஒரு பழைய தட்டிலோ, மண் மேடை மேலோ அடுக்கி, முளைக்கும் வரை ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். தினமும் காலையில் தூக்கிப் பாருங்கள். முதல் முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் முளை வெளுத்து, நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிடும்.

அதன் பிறகு பாதி நிழல், பாதி வெயில் உள்ள இடம் வேண்டும். கூரைக்குள் வைக்காதீர்கள். வேப்பமரத்து ஓர நிழலோ, நிழல் வலையோ போதும். வண்டுக்கு மேலே பழைய கொசுவலை, எலிக்குச் சுற்றிலும் கம்பி வலை. தண்ணீர் காலையில் ஒரு தடவை தெளியுங்கள். உச்சி வெயிலில் வாடினால் மட்டும் மறுபடி. சாயங்காலம் ஊற்றி ராத்திரி முழுக்க ஈரமாக வைத்தால் தண்டு அடியில் அழுகும். நாற்று சாவதில் பெரும்பாலும் தண்ணீர் போதாமல் சாவதைவிட, அன்பு அதிகமாகித் தண்ணீர் அதிகமாகிச் சாவதுதான் அதிகம்.

நடவு

வித்திலை இரண்டைத் தவிர, உண்மையான இலை இரண்டு விரிந்தால் நாற்று தயார். 12 முதல் 15 நாளில் இது ஆகிவிடும். நடவுக்கு மூன்று நான்கு நாள் முன்பிருந்து தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, வெயிலில் வைக்கும் நேரத்தை தினமும் கூட்டிக்கொண்டே போங்கள். நிழலில் வளர்ந்த செடியை திடீரென்று ஆடிக் காற்றில் கொண்டுபோய் வைத்தால் தாங்காது.

முன்னால் போட்டது நல்லது என்றால் இன்னும் முன்னால் போட்டால் இன்னும் நல்லதா என்று சிலர் நினைக்கலாம். அப்படி இல்லை. 20 நாளைத் தாண்டினால் வேர் குவளைக்குள் சுற்றிக்கொள்ளும், கொடி ஓட ஆரம்பிக்கும். அந்த நாற்றை நட்டால் பின்னால் நட்ட இளம் நாற்று அதை முந்திவிடும். அதுபோல சித்திரை வெயிலில் போட்டால் சூட்டில் ஆண் பூதான் அதிகம் வரும், பிஞ்சு குறையும். முன்கூட்டி என்பது அவசரம் அல்ல, எண்ணிச் செய்வது.

சாயங்காலம் நடுங்கள். குழிக்கு முதலில் தண்ணீர் விட்டு, மண் கட்டி உடையாமல் வைத்து, வித்திலை மண்ணுக்கு மேல் இருக்கும்படி மூடுங்கள். செய்தித்தாள் குவளையின் விளிம்பு மண்ணுக்கு வெளியே தெரிந்தால் கிள்ளி எடுத்துவிடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காகிதம் வேர்ப்பகுதி ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும். முதல் மூன்று நாள் வேப்பங்கொத்தோ, ஓலைத் துண்டோ வைத்து மேற்குப் பக்க வெயிலை மறையுங்கள்.

குளிர் பக்கத்துச் சகோதரிகளுக்கு: தைப்பட்டமும் சுகினியும்

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழிக் குளிர் எல்லோருக்கும் தெரிந்தது. கொடிக்காய் விதைகளுக்குச் சூடு வேண்டும். மண் 25 டிகிரிக்கு மேல் இருந்தால் வேகமாக முளைக்கும். 15 டிகிரிக்குக் கீழே போனால் முளைக்காமல் ஈரத்தில் கிடந்து அழுகும். ஆகவே பொங்கல் கழித்து நட வேண்டியதற்கு மார்கழி 10, 12 தேதியிலேயே ஊன்றுங்கள், குளிரில் நாற்று மெதுவாகத்தான் வளரும். ஊறவைத்த மருந்தில்லாத விதையை ஈரத் துணியில் முடிந்து, வைக்கோலுக்குள் வைத்து முளை கட்டிய பிறகு ஊன்றலாம். குவளைகளுக்கு மேல் மூங்கில் பத்தையை வளைத்து, கண்ணாடிபோன்ற பாலிதீன் தாளை ராத்திரியில் மட்டும் மூடுங்கள். காலையில் வெயில் ஏறியதும் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளே வெந்துவிடும்.

சுகினி இப்போது ஓசூர் பக்கமும் நீலகிரியிலும் பயிராகிறது. பேர்தான் புதிது, அது நம் பூசணிக்கு நெருங்கிய சொந்தம். பச்சையிலும் மஞ்சளிலும் வெள்ளரி போல இருக்கும். இதற்குப் பந்தல் வேண்டாம், கொடி ஓடாமல் புதராக நிற்கும். செடிக்குச் செடி இரண்டிலிருந்து மூன்று அடி விடலாம். மேலே சொன்ன குவளை முறை அப்படியே பொருந்தும். சூடு சரியாக இருந்தால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும், விதை ஊன்றி 40 முதல் 50 நாளில் முதல் காய் வரும். ஒரு சாண் நீளம் வருவதற்குள் பறிக்க வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் காய் பருத்து விலை போகாது. சாம்பல் நோய் வரும், இலைமேல் மாவு பூத்ததுபோல் தெரிந்தால் உடனே தோட்டக்கலைத் துறை அலுவலரிடம் காட்டுங்கள்.

ஆனால் சுகினியை நம் ஊர்ச் சந்தையில் கூடையில் வைத்து விற்க முடியாது. பெங்களூரு போன்ற நகரங்களின் ஓட்டல்களும் பெரிய கடைகளும்தான் வாங்குகின்றன. யார் வாங்குவார், வாரத்துக்கு எத்தனை கிலோ, பணம் எத்தனை நாளில் வரும் என்று பேசி முடிக்காமல் ஒரு விதைகூட ஊன்ற வேண்டாம். முதல் பருவத்தில் ஐந்து சென்ட்டுக்கு மேல் போடவும் வேண்டாம். சுகினியோ சுரையோ, நறுக்கும்போது ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் சமைக்காமல் எறிந்துவிடுங்கள், அந்தக் கசப்பு வயிற்றைக் கெடுக்கும்.

குழுவாகச் செய்தால் என்ன லாபம்?

தனியாக ஒருவர் 550 குவளை பார்த்துக்கொள்வது சிரமம். ஐந்து பேர் சேர்ந்து ஒரே முற்றத்தில் நாற்று விட்டால் ஒருவர் மாற்றி ஒருவர் தண்ணீர் தெளிக்கலாம், வலையும் ஒன்றே போதும். மிஞ்சும் நாற்றை ஊரில் விற்கலாம். நிலம் இல்லாத உறுப்பினருக்கு இது நல்ல வருமானம் ஈட்டும் தொழில். அவரிடம் முற்றமும் உழைப்பும் இருக்கிறது, மற்றவரிடம் நிலம் இருக்கிறது. ஆனால் ஒரு நாற்றுக்கு எவ்வளவு என்று விதை ஊன்றுவதற்கு முன்பே பேசி எழுதிவிடுங்கள். "நம்ம அக்காதானே" என்று பேசாமல் விட்டால் பிறகு மனக்கசப்புதான் மிஞ்சும்.

இன்னொன்று, எல்லோரும் ஒரே நாளில் ஊன்றாதீர்கள். பாதிப் பேர் ஜூலை முதல் வாரம், மீதிப் பேர் இரண்டு வாரம் கழித்து. அப்போதுதான் வாரா வாரம் காய் இருக்கும், ஒரே வண்டியில் சேர்த்து அனுப்பலாம், விலை விழுந்தாலும் எல்லோருக்கும் ஒரே அடியாக அடி விழாது. உழவர் சந்தையில் விற்க அடையாள அட்டை வேண்டும். பட்டா கணவர் பெயரில் இருந்தாலும், வயலில் பாடுபடுவது நீங்கள் என்றால் உங்கள் பெயருக்கு அட்டை கிடைக்குமா என்று சந்தை அலுவலகத்தில் கேளுங்கள். குழுவாகப் போய்க் கேட்டால் பதில் சீக்கிரம் வரும்.

நிலமே இல்லை, குழுவாகவும் செய்ய வசதியில்லை என்கிற சகோதரிகள் ஐந்தே ஐந்து குவளையில் ஆரம்பியுங்கள். இரண்டு சுரை, இரண்டு பீர்க்கு, ஒரு பூசணி. கூரைமேலும் வேலிமேலும் ஏற்றிவிட்டால் வீட்டுக்குக் குழம்புக் காய் ஆயிற்று.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

1. போன ஆடியில் நம் குழுவில் எத்தனை பேர் விதை வாங்கினோம்? அதில் எத்தனை பேரிடம் பில் இருக்கிறது?

2. எந்த வாரத்தில் காய் விலை அதிகமாக இருந்தது? அந்த வாரம் நம்மிடம் காய் இருந்ததா?

3. விதைக்குப் பணம் எங்கே வாங்கினோம்? எவ்வளவு வட்டி கட்டினோம்?

4. நாற்று விட யார் வீட்டு முற்றம் வசதி? அவருக்கு என்ன கூலி தருவோம்?

படிக்கத் தெரிந்த உறுப்பினர் இந்தப் பாடத்தை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். பிறகு ஆளுக்கொரு செய்தித்தாள் துண்டை எடுத்து, டம்ளரில் சுற்றி, கூட்டத்திலேயே ஒரு குவளை செய்து பாருங்கள். கலையும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. காய் பறிக்கும் தேதியை முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, கடன் தேதி, விதைத் தேதி, ஊன்றும் தேதி, நடவுத் தேதி நான்கையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த மாதம் நாங்கள் வரும்போது அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்து பார்ப்போம்.